நிகழ்ச்சி நிரலில் வலது கண்

கொக்கியில் ஓர் இரும்புக் கட்டு தொங்கிக்கொண்டிருந்தபோது, கம்பி வடத்திலிருந்து ஓர் இழை பிரிந்து ஆடுவதை உச்சியண்ணன் பார்த்தார். சரக்கு முற்றத்தின் பெரிய கிரேனில் உட்கார்ந்தே தலை நரைத்தவர் அவர். உச்சியண்ணன் என்பது கீழே வேலை செய்யும் ஆட்கள் வைத்த பெயர். வடத்தில் இழை விட்டால் என்ன ஆகும் என்பது அவருக்குத் தெரியும். கீழே நிற்பவன் கூழாவான். சுமையைப் பூப்போல இறக்கி வைத்துவிட்டு மணியை அடித்தார்.

ஆட்கள் வடத்தை முழம் முழமாகத் தடவிப் பார்த்தார்கள்.

"அண்ணே, வடம் புதுசு மாதிரி இருக்கு. ஒரு கீறல் இல்லை."

"நல்லாப் பாருங்கப்பா. இப்பவும் ஆடுதே."

"எங்கண்ணே ஆடுது?"

இறங்கி வந்து கையை நீட்டிக் காட்டினார். காட்டிய இடத்தை விட்டு இழை நழுவி வானத்துக்குப் போனது. வானத்தில் வடம் கிடையாது. கண்ணைக் கசக்கினார். இழை மேற்பார்வையாளரின் மேலுதட்டில் போய் மீசையாக உட்கார்ந்தது. மேற்பார்வையாளர் மீசை வைத்துக்கொள்கிறவர் இல்லை.

அப்போதுதான் இழை கண்ணுக்குள் இருக்கிறது என்று அவருக்குப் புரிந்தது. யாரும் சொல்லாமல் தானாகவே கேபின் சாவியைக் கழற்றிக் கொடுத்தார்.

"கண்ணைச் சரி பண்ணிட்டு வாங்க," என்றார் மேற்பார்வையாளர். "அதுவரைக்கும் கேபினை உங்களுக்காகப் பிடிச்சு வைக்கிறேன். ரொம்ப இழுத்தா என் கையில இல்லை."

அவருக்குச் சர்க்கரை நோய் வந்து வெகுகாலம் ஆகிறது. மாத்திரையை நினைவு வந்தால் போடுவார். நினைவு வராத நாளில் மனைவி நினைவுபடுத்துவாள். மனைவிக்குப் பாட்டில் கழுவும் கொட்டகையில் வேலை. கை எப்போதும் ஊறி வெளுத்துக் கிடக்கும், வாயில் மட்டும் ஈரம் கிடையாது.

"எத்தனை தடவை சொன்னேன்? காதுல போட்டியா? இப்போ கண்ணு வழியா சொல்லுது. இதையாவது கேளு," என்று சொல்லிக்கொண்டே அவரைப் பெரிய கண் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள்.

பெரிய கண் ஆஸ்பத்திரிக்கு இரண்டு கட்டிடங்கள். ஒன்று கண்ணுக்கு, இன்னொன்று சர்க்கரைக்கு. ஒரே உடம்பில் குடியிருக்கும் இரண்டு சங்கதிகளுக்கு இரண்டு வாசல், இரண்டு காவலாளி, இரண்டு வரிசை. நடுவே ஒரு நீரூற்று. அதற்கு எந்தக் கட்டிடம் தண்ணீர் விடுவது என்று முடிவாகாததால் அது காய்ந்து கிடந்தது.

கண் கட்டிடத்தில் லேசர் பிரிவு டாக்டரம்மா ஒருவர் இருந்தார். சொட்டு மருந்து விட்டு, கண் பாப்பாவை விரியவைத்து, விளக்கைக் கண்ணுக்குள் அடித்துப் பார்த்தார். பார்த்துவிட்டு நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். ஆஸ்பத்திரியில் ஒருவர் தன் அருகே நாற்காலியை இழுத்துப் போடுவதைப் பார்த்ததும் உச்சியண்ணனுக்குச் செய்தி நல்லதில்லை என்று தெரிந்துவிட்டது.

"சுகர் ரொம்ப நாளா ஏறியே கிடந்ததால, கண்ணோட பின்சுவர்ல இருக்கிற ரத்தக் குழாய் அடைபட்டிருக்கு. உள்ளே ரத்தம் பத்தலைன்னு கண்ணு தானாவே புதுக் குழாய் முளைக்க வச்சிருக்கு. அது உருப்படாத குழாய். எப்ப வேணா உடையும். இப்ப நீங்க பார்க்கிற நூலு, அதுல கசிஞ்ச ரத்தம். முழுசா உடைஞ்சா கண்ணு இருட்டாயிரும்."

"ரெண்டு கண்ணுமா டாக்டர்?" என்றாள் மனைவி.

"ரெண்டுலயும் இருக்கு. வலதுல முத்தியிருக்கு. லேசரால ஓரத்தைச் சுட்டுட்டா அந்தப் புதுக் குழாய் வாடிரும். போன பார்வையைத் திருப்பித் தராது, இருக்கிறதைக் காப்பாத்தும். கூடவே சுகரையும் கொஞ்சம் கொஞ்சமா இறக்கணும். ரெண்டும் சேர்ந்து நடக்கணும்."

"அப்போ சுடுங்க. இப்பவே உட்கார்றேன்."

டாக்டரம்மா சன்னலுக்கு வெளியே பார்த்தார். "சுடலாம். எனக்கு உத்தரவு இல்லை."

உத்தரவு ஆஸ்பத்திரிக் கண்காணிப்பாளரிடம் இருந்தது. புது லேசர் இயந்திரம் வந்ததும் பழையதைப் பழைய இரும்புக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டார்கள். புதியது நீல வெல்வெட் துணி போர்த்திக்கொண்டு திறப்பு விழாவுக்குக் காத்திருந்தது. ஒரு தோல்விகூட அதன் கணக்கில் ஏறக்கூடாது என்பதற்காகக் கண்காணிப்பாளர் ஒரு விதி வைத்திருந்தார்: சர்க்கரை கட்டுப்பட்டவருக்கே லேசர்.

சர்க்கரைக் கட்டிடத்துக்குப் போனார்கள். அங்கே இருந்த டாக்டர் வழுக்கைத் தலையைத் தடவிக்கொண்டே, "உங்க சுகருக்கு ஊசிதான் போடணும்" என்றார்.

"போடுங்க."

"போடலாம். ஆனா சுகர் சடார்னு இறங்குனா, இந்த மாதிரி கண்ணு இன்னும் கசியும். அதனால கண் தாங்கும்னு கண் கட்டிடத்துல எழுதி வாங்கிட்டு வாங்க."

"அவங்க சுகரை இறக்கிட்டு வரச் சொல்றாங்களே."

"அது அவங்க விதி. தப்பு இல்லை. இது எங்க விதி. இதுவும் தப்பு இல்லை." டாக்டர் முகத்தில் ஒரு திருப்தி படர்ந்தது. "நோயாளிக்கு நல்லது செய்யறதுல ரெண்டு கட்டிடமும் போட்டி போடுது பாருங்க."

நல்லதுக்கும் நல்லதுக்கும் நடுவே, காய்ந்த நீரூற்றைச் சுற்றி, உச்சியண்ணனும் மனைவியும் நடந்தார்கள். இதே போல நடந்துகொண்டிருந்தவர்கள் அங்கே நிறையப் பேர். புதிதாக வருகிறவர்களுக்குப் பழையவர்கள் நிழல் எந்தப் பக்கம் என்று சொல்லிக் கொடுத்தார்கள்.

சில வாரம் நடந்த பிறகு, அவரைச் சர்க்கரை ஒழுக்க வகுப்பில் சேர்த்தார்கள். சர்க்கரை கூடியவர்கள் சட்டையில் சிவப்பு வில்லை குத்திக்கொள்ள வேண்டும். அதில் 'கட்டுப்படாதவர்' என்று இருக்கும். குறைந்தவர்களுக்குப் பச்சை வில்லை, 'கட்டுப்பட்டவர்'. வகுப்பு தொடங்கும்போது எல்லாரும் எழுந்து நின்று, தங்கள் நாக்கே தங்கள் கண்ணுக்கு எதிரி என்று உறுதிமொழி சொல்ல வேண்டும்.

வகுப்பெடுத்த அம்மாள், தினம் பாதாம் பருப்பு சாப்பிடுங்கள், ஒன்பது மணிக்கு உறங்குங்கள், மனதைக் கவலையில்லாமல் வைத்துக்கொள்ளுங்கள் என்றார்.

"உடற்பயிற்சி அவசியம். நீங்க என்ன பண்றீங்க?"

"கிரேன்ல ஏறி இறங்குவேம்மா. ஏணிதான். இப்போ கீழ வடத்துக்குக் கிரீஸ் போடுறேன்."

"அது வேலை. வேலை உடற்பயிற்சி ஆகாது. சந்தோஷமா செஞ்சாத்தான் உடற்பயிற்சி."

"அப்போ இவரு சந்தோஷமா கிரீஸ் போட்டா கணக்குல வருமாம்மா?" என்றாள் மனைவி பின்வரிசையிலிருந்து. அவளுக்குச் சர்க்கரை இல்லை. இருந்தும் அவளுக்கு ஒரு சிவப்பு வில்லை கொடுத்தார்கள்.

இதற்குள் அவர் கண்ணில் ஒற்றை நூல் பலவாகி, அடுப்புக்கரி படிந்த சிலந்தி வலை போல ஆகிவிட்டிருந்தது.

ஒரு நாள் ரத்தப் பரிசோதனை. வெறும் வயிற்றில் வரச் சொல்லியிருந்தார்கள். முந்தின நாள் சாயங்காலம் கப்பல் சரக்கு வந்ததால் அவர் சரியாகச் சாப்பிட்டிருக்கவில்லை. காலையில் மனைவி மாத்திரையை மட்டும் மறக்காமல் வாயில் போட்டுவிட்டாள். வரிசை நகரவில்லை. ரத்தம் எடுப்பவர் ஒழுக்க வகுப்புக்குக் கைதட்டப் போயிருந்தார். வெயில் ஏறியது. அவருக்குக் கை நடுங்கியது, சட்டை நனைந்தது, வார்த்தை குழறியது. முறை வந்தபோது நாற்காலியிலிருந்து சரிந்து விழுந்தார். விழுந்த நிலையிலேயே விரலில் குத்தி எடுத்தார்கள்.

சர்க்கரை அதலபாதாளத்தில் இருந்தது.

"இறங்கிருச்சு!" என்று கத்தினார் எழுத்தர். செய்தி பரவியது. கண்காணிப்பாளரே மாடியிலிருந்து கையில் தேநீர்க் கோப்பையோடு இறங்கி வந்தார். சர்க்கரை நீர் எடுக்க ஓடிய செவிலியைக் கை காட்டி நிறுத்தினார்.

"பொறும்மா. இப்ப இனிப்பு கொடுத்தா கணக்கு கெட்டுரும். பதிவுக்கு இன்னொரு தரம் எடுத்துக்கலாம். எத்தனை மாசத்து உழைப்பு இது!"

தரையில் உச்சியண்ணனின் கண்கள் மேலே செருகிக்கொண்டிருந்தன. கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்த மனைவி, கண்காணிப்பாளரின் கையிலிருந்த கோப்பையைப் பிடுங்கினாள். ஒரு வாய் குடித்துப் பார்த்தாள். பாகு போல இருந்தது.

"நல்லவேளை, நீங்க கட்டுப்படாதவரா இருந்தீங்க," என்று அவரிடம் சொல்லி, புருஷன் தலையை மடியில் வைத்து, சொட்டுச் சொட்டாக வாயில் ஊற்றினாள்.

அவர் கண் திறந்தபோது சட்டையில் பச்சை வில்லை இருந்தது.

"வாழ்த்துகள்," என்றார் கண்காணிப்பாளர். "இந்த ஆண்டின் முதல் கட்டுப்பட்டவர் நீங்கதான். திறப்பு விழாவில உங்க வலது கண்ணுக்குத்தான் முதல் லேசர். மேடையில!"

"மேடை வேணாங்கய்யா. இப்பவே சுட்டிருங்க. வலை பெருசாயிட்டே போகுது."

"நாடா வெட்டாத மிஷின்ல எப்படிங்க சுடறது?" கண்காணிப்பாளருக்கு உண்மையாகவே வருத்தமாக இருந்தது. "மிஷினுக்கும் ஒரு மரியாதை இருக்கில்ல?"

நாடா வெட்டச் சிறப்பு விருந்தினருக்கு நேரம் கிடைக்கவில்லை. விழா ஒரு முறை தள்ளிப்போனது. மறுபடி தள்ளிப்போனது. டாக்டரம்மா நடைபாதையில் உச்சியண்ணனைப் பார்க்கும்போதெல்லாம் தலையைக் குனிந்துகொண்டார். ஒரு நாள் மட்டும் நின்று, "குனிஞ்சு பாரம் தூக்காதீங்க" என்று சொல்லிவிட்டு வேகமாகப் போனார்.

ஒருவழியாக விழா வந்தது. பெரிய அரங்கம். மேடை நடுவே இயந்திரம், அதன் முன்னால் உச்சியண்ணன். அவர் கண்களில் சொட்டு மருந்து விட்டு பாப்பாவை விரித்திருந்தார்கள். மேடை விளக்குகள் விரிந்த கண்ணில் ஊசியாக இறங்கின. கண்ணை மூடினால், "போட்டோவுக்குத் திறந்து வைங்க" என்று யாரோ சொன்னார்கள்.

கண்காணிப்பாளர் ஒலிபெருக்கியின் முன் நின்றார்.

"பெருமக்களே, இந்த லேசர் இயந்திரம் நம் மருத்துவமனைக்கு வந்த நாள்தொட்டு, இதனால் ஒரு நோயாளிக்குக்கூடச் சிறு தீங்கு நேர்ந்ததில்லை. ஒரு பல்பு மாற்றியதில்லை. ஒரு புகார் வந்ததில்லை. உலகில் வேறெந்த லேசருக்கும் இந்தப் பெருமை இருக்குமா என்பது ஐயமே. அவசரப்பட்டுப் பயன்படுத்தியிருந்தால் இந்தச் சாதனை சாத்தியமாகியிருக்குமா? சிலர் கேட்கிறார்கள், நோயாளிகள் காத்திருக்கிறார்களே என்று. நான் சொல்கிறேன், காத்திருப்பும் ஒரு சிகிச்சைதான். காத்திருந்தவர்களில் பாதிப்பேர் இப்போது வருவதே இல்லை. நாம் வேறென்ன பொருள் கொள்ள முடியும்? அவர்கள் குணமாகிவிட்டார்கள்!"

கைதட்டல். அடுத்து சிறப்பு விருந்தினர் எழுந்தார்.

"எனக்கும் சர்க்கரை உண்டு. போன வாரம்தான் வெளிநாட்டில் போய் லேசர் செய்துகொண்டு வந்தேன். வரிசையில் நிற்கவே இல்லை. அந்த அனுபவத்தில் சொல்கிறேன், ஏழைகளும் என்னைப்போல ஒழுக்கமாக இருந்தால்…"

அந்த வாக்கியம் எப்படி முடிந்தது என்று உச்சியண்ணனுக்குத் தெரியாது. அவருடைய வலது கண்ணுக்குள், தெளிந்த தண்ணீரில் மைக்கூட்டைக் கவிழ்த்தது போல ஏதோ புகைந்து இறங்கியது. வலி இல்லை. சத்தம் இல்லை. அந்தக் கண்ணில் முதலில் விருந்தினரின் தலை போனது, அப்புறம் திரைச்சீலை, அப்புறம் விளக்குகள்.

"டாக்டரம்மா," என்று மெல்லக் கூப்பிட்டார். "வலது பக்கம் அணைஞ்சு போச்சு."

டாக்டரம்மா குனிந்து, சிறு விளக்கை அடித்துப் பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் முகம் பேயறைந்தது போல இருந்தது. கண்காணிப்பாளரிடம் போனார்.

"சார், உடைஞ்சிருச்சு. உள்ளே முழுக்க ரத்தம். லேசர் உள்ளே போகாது. இடது கண்ணாவது இருக்கு, அதையாவது இப்பவே சுட்டாகணும்."

"இடதா?" கண்காணிப்பாளர் கையிலிருந்த அட்டையைப் பார்த்தார். "நிகழ்ச்சி நிரல்ல வலது கண்ணுன்னு அச்சடிச்சாச்சே. இடது கண்ணுக்குத் தனியா அனுமதி வாங்கலை. வலதுலயே சும்மா வெளிச்சத்தைக் காட்டுங்க. யாருக்குத் தெரியப் போகுது?"

"காட்டி என்ன சார் பிரயோஜனம்?"

"பிரயோஜனத்துக்கா விழா வைக்கிறோம்?"

மேடை ஓரத்தில் நின்ற மனைவிக்குப் பாதிதான் கேட்டது. அந்தப் பாதியே போதுமானதாக இருந்தது. செருப்பைக் கழற்றினாள். உச்சியண்ணன் அவளைக் கை அமர்த்தினார். சுமை அந்தரத்தில் தொங்கும்போது பதறக்கூடாது என்பது அவர் உடம்பில் ஊறியிருந்தது.

"அய்யா," என்றார் கண்காணிப்பாளரிடம். "கிரேன்ல ஒரு வழக்கம் உண்டு. கீழே எதிர்ல நின்னு கை காட்டுறவனுக்கு எது வலதோ, அது மேலே உட்கார்ந்திருக்கிற எனக்கு இடது. யாரோட வலதுன்னு முதல்லயே பேசி வச்சுக்குவோம். இல்லேன்னா ஆள் செத்துருவான். நீங்களும் விருந்தாளி அய்யாவும் எனக்கு எதிர்லதானே நிக்கிறீங்க? உங்களுக்கு வலது பக்கம் இருக்கிற கண்ணையே சுடச் சொல்லுங்க. நிரல் மாறாது."

கண்காணிப்பாளர் அவரையும் அட்டையையும் மாறி மாறிப் பார்த்தார். கையைத் தூக்கித் தன் வலது எது என்று ஒருமுறை சரிபார்த்துக்கொண்டார். முகம் மலர்ந்தது.

"அட, ஆமாம்! விருந்தினரோட வலதுதான் முக்கியம்."

உச்சியண்ணன் தாடையை இயந்திரத்தின் கட்டையில் பதித்தார். நெற்றியைப் பட்டையில் அழுத்தினார். டாக்டரம்மா இடது கண்ணில் மரப்பு மருந்து விட்டு, சிறு கண்ணாடி வில்லையைப் பொருத்தினார். "எது வந்தாலும் அசையாதீங்க," என்றார் காதோரம். பச்சை ஒளி வெட்டியது. கண்ணின் அடியில் யாரோ ஊசியால் சுண்டியது போல இருந்தது. அரங்கம் கைதட்டியது. மறுபடி வெட்டியது, மறுபடி கைதட்டல். நெடுநேரம் நடந்தது. கைதட்டுகிறவர்கள் களைத்துப்போய் சாப்பிடப் போய்விட்டார்கள். டாக்டரம்மா நிறுத்தவில்லை.

"இன்னும் ரெண்டு தவணை இருக்கு. கட்டாயம் வாங்க," என்றார் கடைசியில். "வலதுன்னே எழுதிக்கிறேன். எனக்கு எதிர்லதானே உட்கார்றீங்க."

அதன் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வலது கண்ணின் ரத்தத்தை எடுக்க ஆபரேஷன் பிரிவுக்குப் போனார்கள். பதிவில் வலது கண் மேடையிலேயே குணமாகியிருந்தது. குணமான கண்ணை வெட்டி ஆஸ்பத்திரிக்குக் கெட்ட பெயர் வாங்கித் தர முடியாது என்று சொல்லிவிட்டார்கள். முற்றத்தில் கேபின் வேறு ஆளுக்குப் போயிற்று. மேற்பார்வையாளர் வந்து, சொல்ல முடியாமல் சொல்லிவிட்டுப் போனார். ஊசியை மட்டும் சர்க்கரை டாக்டர் கடைசியில் எழுதிக் கொடுத்தார். மனைவி தினமும் பாட்டில் கழுவிய கையோடு வந்து அதைப் போட்டுவிட்டாள். இடது கண் நின்றது. இரண்டாம் தவணையும் முடிந்தது.

மூன்றாம் தவணைக்கு வந்த அன்று, கண்காணிப்பாளர் அவரை நடைபாதையிலேயே பிடித்துக்கொண்டார்.

"நல்ல நேரத்துக்கு வந்தீங்க! புது வகுப்பு இன்னைக்குத்தான் ஆரம்பம். உங்களைக் காட்டணும்."

அறை நிறையச் சிவப்பு வில்லைகள். சாயப்பட்டறையில் வேலை செய்பவன் போலக் கை நீலமான ஒருவன், மடியில் குழந்தையோடு ஒருத்தி, தூங்கி விழும் லாரிக்காரர். எல்லாரும் தங்கள் தங்கள் இழையைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்கள்.

"இவரைப் பாருங்க," என்றார் கண்காணிப்பாளர். "காத்திருந்தார், கட்டுப்பட்டார், கண் பெற்றார். அண்ணே, இடது கண்ணைக் கையால நல்லா மூடிக்குங்க. வலது கண்ணால அந்தப் பலகையைப் படிச்சுக் காட்டுங்க."

அவர் இடது கண்ணை மூடினார். இருட்டு. கன்னங்கரேலென்ற, அடி தெரியாத இருட்டு. பலகையில் என்ன எழுதியிருக்கும் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். எத்தனையோ நாள் எழுந்து நின்று சொன்ன உறுதிமொழி. சொல்லிவிட்டால், கைதட்டல் முடிந்ததும் பக்கத்து அறையில் மூன்றாம் தவணை. சொல்லாவிட்டால், இருக்கிற ஒற்றைக் கண்ணுக்கும் கதவு சாத்தப்படலாம். மனைவி பின்வரிசையில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பது அவருக்குப் பார்க்காமலே தெரிந்தது.

மடியிலிருந்த குழந்தை சிணுங்கியது. "ஷ்ஷ், அவரு படிக்கப் போறாரு," என்றாள் தாய்.

"இருட்டுங்க," என்றார் உச்சியண்ணன்.

"என்ன?"

"வலதுல ஒண்ணும் இல்லை. காத்திருந்ததுல உடைஞ்சு போச்சு. இவங்க சுட்டது இடது. இப்ப நான் பார்க்கிறது அந்தக் கண்ணாலதான்." கையை எடுத்துவிட்டு, அவர்கள் பக்கம் திரும்பினார். "கண்ணுல நூலு தொங்குதுன்னா வகுப்புல உட்காராதீங்க. சுகரை வீட்டுல பார்த்துக்கலாம், அதுவும் முக்கியம்தான். மொதல்ல போய் லேசர் ரூம் வாசல்ல நில்லுங்க."

கண்காணிப்பாளர் சிரித்தார். "அண்ணன் தன்னடக்கமா பேசறார்," என்றார். சிரிப்பு உதட்டோடு நின்றது. "இவருக்கு இன்னைக்குச் சுகர் எடுத்தாச்சா? யாராவது எடுங்க. ஏறியிருக்கும். ஏறினாத்தான் இப்படிப் பேச வரும்."

முதலில் எழுந்தவள் குழந்தைக்காரி. அப்புறம் நீலக் கை. லாரிக்காரரை யாரோ தட்டி எழுப்பினார்கள். பெஞ்சுகள் கிறீச்சிட்டன. கண்காணிப்பாளர் ஒலிபெருக்கியைப் பிடித்து, உறுதிமொழிக்கு எழுந்து நிற்கும்படி கேட்டுக்கொண்டார். எல்லாரும் ஏற்கெனவே எழுந்திருந்தார்கள், வாசலைப் பார்த்து.

"உனக்கு வாயை மூடிக்கிட்டு ஒரு தவணை முடிக்கத் துப்பில்லை," என்றாள் மனைவி நடைபாதையில். ஆனால் அவர் கையை விடவில்லை. கூட்டத்தை முழங்கையால் இடித்துக்கொண்டு அவரை முன்னால் தள்ளினாள். "வழி விடுங்கப்பா. வம்பை இழுத்துவிட்டவரு இவருதான், இவரு மொதல்ல உட்காரட்டும்."

சத்தம் கேட்டு டாக்டரம்மா கதவைத் திறந்தார். நடைபாதை முழுக்க நின்ற தலைகளைப் பார்த்தார். தூரத்தில் ஒலிபெருக்கி தன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதும் அவருக்குக் கேட்டது. விழா முடிந்தும் போர்த்தியே வைத்திருந்த வெல்வெட் துணியை இயந்திரத்திலிருந்து உருவி மூலையில் எறிந்தார்.

"சாயங்காலத்துக்குள்ள என்னை எங்கேயாவது மாத்திருவாங்க," என்றார். "அதுக்குள்ள எத்தனை பேரை முடிக்க முடியுதோ முடிக்கிறேன். தள்ளாதீங்க. நீங்க உட்காருங்கண்ணே. தாடையை வைங்க. அசையாதீங்க."